அப்பாவின் ஆல்டோவுக்கு எஃப்சி: பெயிண்ட் அப்புறம், முதலில் அடிப்பக்கம்

கேள்வி: அண்ணே, எனக்கு வேதாரண்யம் பக்கத்துக் கிராமம். 2010 டிசம்பரில் அப்பா புதுசாக எடுத்த பெட்ரோல் ஆல்டோ, டிஎன் 51 வண்டி. அப்பா 2023-ல் தவறிவிட்டார். நான் திருப்பூரில் இருந்ததால் வண்டி பெரும்பாலும் கொட்டகையிலேயே நின்றது. இப்போது ஊரோடு வந்துவிட்டேன், அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வண்டி வேண்டும். 2025 டிசம்பரோடு 15 வருடம் முடிகிறது. இனிமேல் ஓட்டவே கூடாது, இரும்புக் கடைக்குத்தான் என்று சொல்கிறார்கள். ஓர் ஏஜென்ட், 18,000 கொடு, வண்டியைக் கொண்டே வர வேண்டாம் என்கிறார். டிங்கர் கடையில், முழு பெயிண்ட் அடித்தால்தான் எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று) ஆகும், 40,000 ஆகும் என்கிறார்கள். வண்டி முதலில் வெள்ளை. கஜா புயலில் தென்னை விழுந்து கூரை நசுங்கியபோது அப்பா சிவப்பாக மாற்றிவிட்டார். ஆர்சி இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, முதலில் அந்த இரும்புக் கடைப் பேச்சை முடித்துவிடுவோம். 15 வருடத் தடை என்று டிவியில் வருவது டில்லி வட்டாரத்துக்காக வந்த கட்டுப்பாடு. இன்னொன்று, அரசாங்க வண்டிகள் 15 வருடம் தாண்டினால் பதிவு ரத்து என்று 2023 ஏப்ரலில் வந்த சட்டம், அது ஜீப்புக்கும் அரசு பஸ்ஸுக்கும். இரண்டையும் சேர்த்துக் கலக்கி யாரோ டீக்கடையில் சொன்னது உங்கள் காதுக்கு வந்திருக்கிறது. நம் ஊரில் சொந்த உபயோகக் காருக்கு 15 வருடம் முடிந்தால், வண்டியைக் காட்டி, நன்றாக இருக்கிறது என்று எழுதி வாங்கினால், ஆர்சியை 5 வருடத்துக்குப் புதுப்பித்துத் தருவார்கள். அது முடிந்தால் இன்னும் 5 வருடம். வண்டி தாங்குகிறவரை இப்படியே போகலாம்.

மஞ்சள் போர்டு வண்டிக்காரர்களுக்கு இதெல்லாம் பழகிப்போன விஷயம். 8 வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்குமேல் வருடா வருடம் காட்டியே ஆக வேண்டும். சொந்தக் கார் வைத்திருப்பவர்தான் 15 வருடம் ஒருத்தரும் கீழே குனிந்து பார்க்காத வண்டியை ஒரே நாளில் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டுக் கையைப் பிசைகிறார்.

காகித வேலைதான் உங்களுக்கு அவசரம், அதனால் அதைச் சொல்லிவிட்டு வண்டிக்கு வருகிறேன். அப்பா பெயரில் இருக்கிற ஆர்சியை அப்படியே புதுப்பிக்க முடியாது, விண்ணப்பத்தில் கையெழுத்து யார் போடுவது? உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் தெரிவித்து, 3 மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்றியிருக்க வேண்டும். உங்களுக்கு இரண்டு வருடம் ஓடிவிட்டது, தாமதத்துக்கு ஏதாவது அபராதம் போட்டால் கட்டிவிட்டு வேலையைப் பாருங்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அம்மாவும் கூடப் பிறந்தவர்களும் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுக்கிற தாள், இவைதான் முக்கியம். வாரிசுச் சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை என்றால் நாளைக்கே இ-சேவை மையத்தில் போட்டுவிடுங்கள், எல்லாவற்றிலும் நாள் பிடிக்கிறது அதுதான். இன்னொரு சிக்கல் எல்லாருக்கும் கடைசியில்தான் தெரியும்: பரிவாகன் என்கிற அரசாங்கப் போக்குவரத்துத் தளத்தில் ஓடிபி பதிவான செல் நம்பருக்குத்தான் போகும், அது அப்பாவின் நம்பராக இருக்கும். அந்த சிம் உயிரோடு இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் முதலில் நம்பரை மாற்ற வேண்டும்.

ஆர்சியை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று, அதில் பாங்க் பெயரோ ஃபைனான்ஸ் கம்பெனி பெயரோ இருக்கிறதா. அப்பா லோனில் எடுத்து, கடன் முடிந்து பத்து வருடம் ஆகியிருந்தாலும், எச்பி, அதாவது வண்டிமேல் கடன் இருக்கிறது என்கிற குறிப்பை, கேன்சல் பண்ணாமல் விட்டிருந்தால் அது அங்கேயே உட்கார்ந்திருக்கும். பாங்கில் கடன் பாக்கி இல்லை என்கிற என்ஓசி வாங்கி படிவம் 35 கொடுத்தால்தான் போகும். இரண்டாவது, நிறம். இதற்குக் கொஞ்சம் பொறுங்கள், தனியாகச் சொல்கிறேன்.

புதுப்பிக்கிற விண்ணப்பம் படிவம் 25. காலக்கெடுவுக்கு 60 நாள் முன்னாலிருந்து போடலாம். கட்டணம், 2022 ஏப்ரலுக்கு முன் 600 ரூபாய் இருந்ததை 5,000 ஆக்கிவிட்டார்கள். 20 வருடம் தாண்டிய காருக்கு 10,000 என்று 2025 ஆகஸ்டில் இன்னும் ஏற்றியிருக்கிறார்கள், ஆக அடுத்த முறை நீங்கள் போகும்போது கூடுதலாகத்தான் எடுத்து வைக்க வேண்டும். இதுபோக நம் அரசாங்கத்தின் பசுமை வரி தனி. தேதி தாண்டினால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடிக்கொண்டே போகும், தேதி முடிந்த வண்டியை ரோட்டிலும் எடுக்கக் கூடாது. அதனால் டிசம்பர் என்று நினைக்காதீர்கள், ஐப்பசி மழை பிடித்துக்கொள்வதற்குள் வெல்டிங் வேலை முடிகிற மாதிரி கணக்குப் போடுங்கள். ஈரத்தில் பண்ணிய வெல்டிங்கும் அதன்மேல் அடித்த பிரைமரும் அடுத்த மழையைத் தாங்காது.

ஏஜென்ட் விஷயம். விண்ணப்பம் நிரப்பவும் வரிசையில் நிற்கவும் ஆள் வைத்துக்கொள்வதில் எனக்கு ஒன்றும் இல்லை, அதற்கு ஒரு கூலி உண்டு, கொடுக்கலாம். வண்டியே வர வேண்டாம் என்று ஒருத்தர் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். இது சட்டப்படி தப்பு என்பது ஒரு பக்கம். நான் சொல்ல வருவது வேறு. திருவாரூரில் 26 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். ஒருத்தர் இப்படித்தான் வண்டியைக் காட்டாமலேயே எல்லாம் முடித்துக்கொண்டார், பெருமையாக வந்து சொல்லிவிட்டும் போனார். மூன்றாம் மாதம், வாய்க்கால் பாலத்தில் ஏறி இறங்கும்போது எதிரே நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர். பிரேக்கை மிதித்திருக்கிறார், பெடல் தரையோடு போய்விட்டது. பின்பக்கம் போகிற பிரேக் பைப் துருவேறி, அந்த ஒரு அழுத்தத்தில் வெடித்துவிட்டது. வண்டி வாய்க்காலில் இறங்கியது, தண்ணீர் முழங்கால் அளவுதான் இருந்தது, பிழைத்தார். அந்தப் பைப்பை மாற்ற நான் கேட்டிருக்கக்கூடிய காசு ஏஜென்டுக்கு அவர் கொடுத்ததில் பாதிகூட வராது. வண்டியைத் தூக்கி அடியில் ஒருத்தர் லைட் அடித்துப் பார்த்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.

நம் பகுதிக் கார்கள் மேலே இருந்து சாவதில்லை தம்பி, கீழே இருந்து சாகின்றன. உங்கள் ஊரில் காற்றிலேயே உப்பு. மழை நாளில் தெருவெல்லாம் தண்ணீர், அது வடிந்தால் களிமண் சேறு, அந்தச் சேறு சக்கர வளைவுக்குள் அப்பிக்கொண்டு சித்திரை வெயிலில்கூட உள்ளே ஈரமாகவே கிடக்கும். இதைவிட மோசம் ஒன்று இருக்கிறது, வண்டியைச் சுத்தமாக வைத்திருக்கிறேன் என்று வாரா வாரம் போர் தண்ணீரில் கழுவுகிறவர்கள். கடலோரத்தில் போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீரை வண்டியின் அடியில் பீய்ச்சி அடித்தால் என்ன ஆகும்? அடிப்பக்கம் கழுவ வேண்டும் என்றால் குளத்துத் தண்ணீரோ மழைத் தண்ணீரோ நல்லது.

நீங்களே பார்க்கக்கூடியது இது. உள்ளே காலடியில் கிடக்கிற நான்கு ஃப்ளோர் மேட்டையும் தூக்குங்கள், அதற்குக் கீழே ஒட்டியிருக்கிற கார்பெட்டையும் தூக்குங்கள். கெட்ட வாடை வந்தால் தண்ணீர் நின்றிருக்கிறது என்று அர்த்தம். ஒரு பழைய ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தகட்டைத் தட்டிக்கொண்டே போங்கள், நல்ல தகடு ‘டிங்’ என்று சொல்லும், உளுத்த தகடு ‘பொத்’ என்று சொல்லும், தேங்காய் தட்டிப் பார்க்கிற காது போதும். ‘பொத்’ என்கிற இடத்தில் முனையால் குத்துங்கள், உள்ளே இறங்கினால் அங்கே தகடு இல்லை, பெயிண்ட் மட்டும் நிற்கிறது. கதவுக்குக் கீழே ஓடுகிற ரன்னிங் போர்டு, பேட்டரி உட்காருகிற தட்டு, முன்பக்கம் ஷாக் அப்சார்பர் மேலே வந்து சேருகிற இடம், பின் ஆக்சில் புஷ் மாட்டுகிற இடம், இந்த நான்கையும் விடாதீர்கள். முதல் இரண்டில் ஓட்டை இருந்தால் வெட்டி எடுத்து வேறு தகடு வைத்து வெல்டிங் பண்ணிக்கொள்ளலாம். கடைசி இரண்டு இடத்தில் தகடு போயிருந்தால் வண்டியை வைத்துக்கொள்வதா என்றே யோசிக்க வேண்டும், ஏனென்றால் அங்கேதான் சக்கரத்தின் பாரம் எல்லாம் உட்காருகிறது.

ஓட்டைக்கு எம்-சீல் வைத்துப் பட்டி பார்த்து மேலே கறுப்பு அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், இன்ஸ்பெக்டரை ஏமாற்ற அது போதும்தான், சில நேரம். அம்மா உட்காருகிற சீட் அந்தத் தகட்டில்தான் போல்ட் போட்டு நிற்கிறது.

கதவுகளின் அடி விளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் கம்பெனியே வைத்திருப்பான், கண்ணாடி வழியாக இறங்குகிற மழைத் தண்ணீர் வடிவதற்கு. தூசியும் சேறும் அதை அடைத்துவிடும். ஒரு கம்பியால் குத்தி விடுங்கள், காசில்லாத வைத்தியம்.

அடுத்தது சேசிஸ் நம்பர். எஃப்சியில் மற்றதெல்லாம் சரியாக இருந்து இது தெரியாமல் திரும்பி வந்த வண்டிகளை எண்ணினால் விரல் போதாது. பானெட்டைத் திறந்தால், இஞ்சினுக்குப் பின்னால் முன்கண்ணாடிக்குக் கீழே நிற்கிற தகட்டில், எம்ஏ3 என்று ஆரம்பித்து 17 எழுத்தும் எண்ணும் குத்தியிருக்கும். அதன்மேல் பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுப்பார்கள், ஆர்சியோடு ஒத்துப்போக வேண்டும். துரு ஏறியிருந்தால் தயவுசெய்து எமரி ஷீட் போட்டுத் தேய்க்காதீர்கள், கிரைண்டர் பக்கமே போகக் கூடாது. மண்ணெண்ணெயோ டீசலோ துணியில் நனைத்து ஒரு ராத்திரி மேலே போட்டு வைத்து, காலையில் பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, தெரிந்ததும் கொஞ்சம் கிரீஸ் தடவி விடுங்கள். ஏதாவது ஓர் எழுத்து அழிந்தே போயிருந்தால் நீங்களாக லேத்தில் கொடுத்துக் குத்திக்கொள்ளக் கூடாது, அது திருட்டு வண்டி வேலை என்று ஆகிவிடும். ஆர்டிஓவிடம் எழுதிக் கொடுத்து, அனுமதி வாங்கித்தான் குத்த வேண்டும்.

சரி, நிறத்துக்கு வருவோம். 40,000 ரூபாய்க்கு முழு பெயிண்ட் தேவையே இல்லை. வெயிலில் வெளிறியது, சின்னக் கீறல், பம்பரில் உரசல், இதற்கெல்லாம் எஃப்சி நிற்காது. உங்கள் வண்டியில் பிரச்சினை, ஆர்சியில் வெள்ளை, ரோட்டில் சிவப்பு. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் உங்கள் ஊரை அடித்துப் போட்ட புயல் அது, கூரை போன வீட்டில் காரின் நிறத்தை யார் ஆர்டிஓ ஆபீசில் போய் எழுதிக் கொடுத்திருப்பார்கள், எனக்குப் புரிகிறது. ஆனாலும் அப்பா அப்படி மாற்றி எழுதியிருக்கிறாரா என்று ஆர்சியைப் பாருங்கள். இல்லையென்றால் நிற மாற்றத்தைப் பதியச் சொல்லி விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள், பெயர் மாற்றத்துக்குப் போகிறபோதே கேட்டால் அலைச்சல் மிச்சம். ஆர்சியில் வெள்ளை இருக்கிறதே என்று திரும்ப வெள்ளை அடிக்கப் போனால் அந்த டிங்கர் கடைக்காரருக்குத்தான் லாபம். ஒரு சந்தேகம் மட்டும்: தென்னை விழுந்து நிமிர்த்திய கூரையில் உள்ளே பட்டி கனமாக இருக்கும், அதில் வெடிப்பு வந்திருந்தால் மழைத் தண்ணீர் அதன் வழியாகத்தான் உங்கள் மேட்டுக்கு வருகிறது. கூரைத் துணியை ஒரு ஓரம் பிரித்துப் பாருங்கள்.

பிரேக். நின்ற வண்டியில் இதுதான் முதலில் போகும். ஹேண்ட்பிரேக்கை இழுத்தபடியே மாதக்கணக்கில் விட்டிருந்தால் பின் டிரம்மில் லைனிங் ஒட்டிக்கொண்டிருக்கும், கேபிள் இறுகியிருக்கும், வீல் சிலிண்டர் ரப்பர் கசிந்திருக்கும். இரண்டு பின் டிரம்மையும் கழற்றச் சொல்லுங்கள், பிரேக் ஆயிலை முழுசாக இறக்கிவிட்டுப் புதுசு ஊற்றச் சொல்லுங்கள், அந்த ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு உள்ளிருந்தே பைப்பைத் தின்னும். பைப்பை முன்னாலிருந்து பின்னால் வரை கையால் தடவிப் பாருங்கள், பொருக்குத் தட்டியிருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். எங்கள் ஊர் ஆழித்தேர் தெரியுமே, ஒரு காலத்தில் முட்டுக்கட்டையை மட்டும் நம்பி ஓடிய தேர், அதற்கே திருச்சி பெல் நிறுவனத்தார் ஹைட்ராலிக் பிரேக் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் ஆல்டோவுக்கும் ஒரு மரியாதை செய்யுங்கள்.

டயரில் பட்டன் தெரிகிறது, நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்வீர்கள். ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி, நின்ற வண்டியில் அது இருக்கும். வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், 2316 என்றால் 2016-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. ஓரத்தில் முடி முடியாக வெடிப்பு ஓடியிருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

பானெட்டுக்குள் எலி. அறுவடை முடிந்தால் வயல் எலிக்கு உங்கள் இஞ்சின்தான் சத்திரம், வைக்கோல் கொண்டுவந்து கூடே கட்டியிருக்கும். வயரிங்கைக் கடித்திருந்தால் ஹெட்லைட் ஒரு நாள் எரியும் ஒரு நாள் எரியாது, அன்றைக்கு என்று எரியாமல் போகும். உங்கள் பக்கத்தில் புகையிலையைத் துணியில் கட்டி பானெட்டுக்குள் வைக்கிறார்கள், வேலை செய்கிறது என்கிறார்கள், நான் வைத்த வண்டியில் எலி அதன்மேலேயே படுத்திருந்தது. ஒட்டுப் போட்ட வயரை டேப் சுற்றி விடாமல் சரியாக இணைத்து வாங்குங்கள். லைட், இண்டிகேட்டர், பிரேக் லைட், ரிவர்ஸ் லைட், நம்பர் பிளேட்டுக்கு மேலே எரிகிற குட்டி லைட், வைப்பர், ஹாரன், சீட் பெல்ட், இதெல்லாம் முந்தைய நாள் சாயங்காலம் இருட்டில் ஓர் ஆளை வெளியே நிறுத்திப் பார்த்துவிடுங்கள். அப்பா கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள், முன்னால் இரும்பு கார்டு போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள், பல குரலில் பாடுகிற ஹாரன் இருந்தால் அதுவும் வேண்டாம்.

புகைச் சான்றிதழுக்குப் போகும்போது பலர் தப்பு பண்ணுகிறார்கள். இரண்டு வருடப் பழைய பெட்ரோல் டேங்கில் கிடக்கும், அதை இறக்கிவிட்டுப் புதுசு ஊற்றுங்கள். ஏர் ஃபில்டரையும் பிளக்கையும் மாற்றுங்கள். பிறகு மன்னார்குடி வரை ஒரு நடை ஓட்டிவிட்டு, இஞ்சின் நல்ல சூட்டில் இருக்கும்போதே குழாயை வைக்கச் சொல்லுங்கள். குளிர்ந்த இஞ்சின் எப்போதும் கூடுதலாகக் காட்டும். அந்தச் சான்றிதழ் எந்தத் தேதி வரை செல்லும் என்று அதிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ் விட்டுப்போயிருந்தால் வண்டியைக் கொட்டகையை விட்டு எடுப்பதற்கு முன்னாலேயே குறைந்தது தேர்ட் பார்ட்டியாவது கட்டிவிடுங்கள், பெயர் மாறியதும் அதிலும் பெயரை மாற்றுங்கள். புது ஆர்சியில் நாமினி போட இடம் உண்டு, அம்மா பெயரைப் போட்டு வையுங்கள், நீங்கள் இப்போது படுகிற அலைச்சல் இன்னொருத்தருக்கு வேண்டாம்.

எல்லாம் பார்த்து, அந்த ஷாக் அப்சார்பர் இடமும் ஆக்சில் இடமும் போய்விட்டது என்று தெரிந்தால் வெல்டிங்கும் வேண்டாம், எஃப்சியும் வேண்டாம், விட்டுவிடுங்கள். அப்போதும் பக்கத்து இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள், அங்கீகாரம் உள்ள ஸ்கிராப் நிலையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்கி ஆர்சியை ரத்து செய்யுங்கள். இல்லையென்றால் வண்டி இல்லாமலே அந்த நம்பர் உங்கள் குடும்பத்தின் பெயரில் சுற்றிக்கொண்டிருக்கும்.

காட்டுகிற அன்றைக்கு நாகப்பட்டினம் போகிற வழியில் ரோட்டில் வைக்கோல் பரப்பியிருந்தால் அதன்மேல் ஏற்றாதீர்கள், சைலன்சரில் சுற்றிக்கொண்டு புகைய ஆரம்பித்தால் அப்புறம் இன்ஸ்பெக்டருக்குக் காட்ட வண்டி இருக்காது. வழியில்லாமல் ஏற்றிவிட்டால் தாண்டியதும் இறங்கிக் குனிந்து பாருங்கள்.

முதலில் அந்த மேட்டைத் தூக்கித் தட்டிப் பார்த்துவிட்டு, ‘பொத்’ என்று கேட்ட இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போட்டுப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். எது வெல்டிங், எது வேண்டாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை டிங்கர் கடைக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.